ஹார்பர் பீச்சிலிருந்து அப்பா எழுதுவது

மாதா துணை

தூத்துக்குடி,
டிசம்பர் இரண்டாவது ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். இன்லேண்டு லெட்டர் காலத்தில் இதற்கே கால் பக்கம் போய்விடும். இப்போது வாட்ஸப்பில் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பேசினால் தானே எழுதிக்கொள்கிற வசதியைத் தங்கச்சி போட்டுக் கொடுத்தாள். நான் வின்ச் என்றால் அது இஞ்சி என்று எழுதுகிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீளமாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதே. சார்ஜ் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி. ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில் போனைச் சொருகி வைத்துக்கொள். ஓடும், ஓடாமல் என்ன.

போன வாரம் நீ அனுப்பிய கட்டைவிரல் படம் வந்து சேர்ந்தது. பிள்ளை நல்லா இருக்கான் என்று அம்மாவிடம் காட்டினேன். "கட்டைவிரல் நல்லாத்தான் இருக்கு, பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். தாத்தா பழைய ஹார்பரில் கூலி வாங்கக் கைநாட்டு வைத்தவர். நீ சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம் வாங்கி, மேட் என்று கப்பல் அதிகாரி ஆனவன். நீயும் கட்டைவிரலைத்தான் அனுப்புகிறாய். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன்.

சரி, ஹார்பர் விசேஷம் சொல்கிறேன்.

சாயந்திரமானால் டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு ஹார்பர் பீச்சுக்குப் போய்விடுகிறேன். டாக்டர் நடக்கச் சொன்னார், நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்தது. முழு லோடு. அடிச்சிவப்பு ஒரு விரற்கடைகூட வெளியே தெரியவில்லை. வாடைக்காற்று நல்ல பிடியாகப் பிடித்திருந்தது. பின்பக்கம் நடுவில் லைன் கொடுத்து ஒரு டக், அதான் இழுவைப் படகு, தொங்கிக்கொண்டு வந்தது, முன்தோளில் இன்னொன்று. கப்பல் வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்திவிட்டால் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் டக்குதான். கல்யாண மாப்பிள்ளையை இரண்டு பேர் முழங்கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போவார்களே, மாப்பிள்ளை முகத்தில் எல்லாம் நானே நடக்கிறேன் என்கிற பாவனை இருக்குமே, அப்படி வந்தது அத்தனை ஆயிரம் டன்னும்.

என்னிடம் வாக்கி இல்லை. அதனால் கப்பலை ஹார்பருக்குள் கொண்டுவருகிற பைலட் சொல்வதை நானே சொல்லிக்கொள்கிறேன். ஆஃப்ட் டக், புல் ஈஸி. ஃபார்வர்டு, புஷ் ஹாஃப். ஸ்டாப் புஷிங். சுண்டல் விற்கிற பையன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பைலட் விசில் ஊதுவார், டக் ஹாரனில் பதில் சொல்லும். காற்று எதிராக அடித்தால் விசில் பாதிதான் காதுக்கு வரும், மீதியை ஊகிக்க வேண்டும். இப்போது எல்லாம் சுகமாகிவிட்டது. அடியில் இரண்டு புரொப்பல்லர், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முழு வட்டம் திரும்பும். பக்கவாட்டில்கூடப் போகிறது. 50 டன் இழுப்பது என்பது இன்றைக்குச் சாதாரணம். ஒற்றை புரொப்பல்லரோடு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலின் பின்தளத்திலிருந்து ஹீவிங் லைன், அதான் நுனியில் கனமான முடிச்சுள்ள எறிகயிறு, வீசினார்கள். முதல் வீச்சைக் காற்று தூக்கித் தண்ணீரில் போட்டது. இரண்டாவது நேராக டக் தளத்துக்கே வந்தது. அங்கே ஒரு பையன், இருபது வயது இருந்தால் அதிகம், ஹெல்மெட்டை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறான். நுனி முடிச்சுக்குள் இரும்பு நட்டை வைத்துக் கட்டுகிற படுபாவிகள் எல்லாக் கப்பலிலும் உண்டு. தலையில் விழுந்தால் என்ன ஆகும்? முடிச்சு அவன் காலடியில் விழுந்தது. அவன் அதைத் தூதுக்கயிற்றோடு கட்டிவிட்டான். பெரிய ரோப் மேலே ஏற ஆரம்பித்தது. அப்போதும் அவன் சுருளுக்குள் ஒரு காலை வைத்தபடி நிற்கிறான். "ஏலே, காலை எடுலே!" என்று நான் பீச்சில் நின்று கத்தினேன். அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது. தானாகத்தான் எடுத்தான், ஆனால் எடுத்தான்.

நீ அப்படி நிற்க மாட்டாய். உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. மணப்பாட்டுக்காரர்கள். பையன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அவனுடைய அப்பா நம்ம பெரியப்பாவோடு படித்தவராம். அதை அப்புறம் விவரமாக எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்: உங்கள் டக்கில் நல்ல தண்ணீர் டாங்க் எத்தனை டன்? கடைசியாக எப்போது நிரப்பினீர்கள்? சும்மாதான் கேட்கிறேன். அந்தக் காலத்து டக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை.

டக்கைப் பற்றி எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. போர்ட் வேலைக்கு முன்னால் நான் ஒரு தனியார் டக்கில் கலாசியாக இருந்தேன் அல்லவா, அங்கே நடந்தது. ஓனர் பெயர் வேண்டாம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு கப்பலின் பின்பக்கம் லைன் கொடுத்திருந்தோம். ரோப் எங்கள் டக்கின் நடுவில் உள்ள கொக்கியில். பைலட் எதற்காகவோ கப்பலை முன்னே எடுத்தார். எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கப்பல் வேகம் பிடித்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ரோப் கண்ணெதிரே பக்கவாட்டுக்கு வந்தது. ரோப்பே டக்கைப் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்க்கப் பார்ப்பதைப் புத்தகத்தில் நீ கேர்டிங் என்று படித்திருப்பாய். புத்தகத்தில் அந்தச் சத்தம் இருக்காது. சட்டி பானை எல்லாம் ஒரே பக்கம் சரிந்து விழும் சத்தம். தண்ணீர் தளத்தின் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டது. எஞ்சின் ரூம் கதவு வெக்கைக்காகத் திறந்தே கிடந்தது, அதற்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

டக்கை ஓட்டிய பெரிய செராங் ஒரு வார்த்தை பேசவில்லை. கை ரிலீஸ் லீவர் மேலேயே இருந்தது. இழுத்தார். ரோப் பறந்துபோய்க் கடலில் விழுந்தது, டக் ஒரு குலுக்கு குலுக்கி நிமிர்ந்தது. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு டக் வந்து பிடித்தது. எங்கள் ஓனருக்குத்தான் ரோப் போன வருத்தம். எல்லார் சம்பளத்திலும் பிடித்தார். செராங் ஏன் யாரையும் கேட்காமல் விட்டார் என்று ஆபீஸில் கூப்பிட்டு விசாரணை வேறு. செராங் சொன்னார்: "ரோப்புக்குக் கடையில விலை உண்டு. நான் பைலட்டைக் கேட்டு, பைலட் கேப்டனைக் கேட்டு, கேப்டன் ஒங்களுக்கு போன் போட்டா, யார் எடுக்கது?" அதற்கப்புறம் அவர் அங்கே வேலை பார்க்கவில்லை. நானும்தான்.

இதை உன்னிடம் முன்னாலேயே பலமுறை சொல்லியிருப்பேன். பரவாயில்லை, இன்னொரு தரம் கேட்டுக்கொள். விட வேண்டிய நேரத்தில் விட்டுவிட வேண்டும். கையில் என்ன போகிறது என்று எண்ணிக்கொண்டு நிற்கக்கூடாது.

பழைய ஹார்பர் பக்கமும் போயிருந்தேன். தோணியில் வெங்காயம், சிமெண்ட், கோழி என்று மாலத்தீவுக்கு ஏற்றுவது எப்போதும்போல நடக்கிறது. இப்போது பார்ஜில், அதான் டக் இழுத்துப்போகிற தட்டைப் படகில், கல் போவதுதான் பெரிய வேலை. மாலத்தீவில் கல்லே கிடையாது, எல்லாம் பவளத்திட்டு. கட்டடம் கட்ட ஜல்லி இங்கிருந்துதான் போக வேண்டும். பார்ஜ் ஒன்றில் லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுகிறார்கள். மேலே ஒரு ஹிட்டாச்சி நின்று அதை நிரவுகிறது. அந்த ஆபரேட்டரை எனக்குப் பிடித்துவிட்டது. அவசரமே இல்லை. ஒரு வாளி இடது, ஒரு வாளி வலது, நிறுத்தி எட்டிப் பார்க்கிறான், பார்ஜ் எந்தப் பக்கம் சாய்கிறது என்று. மறுபடி ஒரு அரை வாளி. வெள்ளைத் தூசியில் ஆளே கண்ணும் பல்லுமாகத்தான் தெரிகிறான். பின்னால் டக் எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டுக் காத்துக் கிடந்தது. தளத்தில் ஒருவன் கைலி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

சுமார் 400 கடல் மைல். லோடு பார்ஜை இழுத்துக்கொண்டு 5 நாட் போனால் பெரிசு. மூன்று, நாலு நாள் ஆகிவிடும். குமரி முனை தாண்டுகிற வரைக்கும் வாயில் மாதா பெயர்தான். 2019 ஆகஸ்டில் இப்படிக் கல் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய விர்கோ 9 என்கிற டக்கில்தானே மாலத்தீவு முன்னாள் துணை அதிபர் அகமது அதீப் ஒளிந்து வந்தார். நம்ம கரைக்கு வெளியிலேயே மறித்து, இறங்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு ஊரில் டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு. ஒரு நாட்டுத் துணை அதிபருக்கே தப்பிக்க டக் தேவைப்பட்டது. டக்கிலிருந்து தப்பிக்க என்ன தேவைப்படும் என்று யாரும் பேசவில்லை.

உங்கள் பார்ஜும் கல் பார்ஜ்தானே. ராஸ் அல் கைமா மலையை வெட்டி சக்ர் போர்ட்டில் ஏற்றுவது என்று சொல்லியிருக்கிறாய். அந்தப் பக்கத்துக் கல் ஏற்றுமதியில் அதுதான் பெரிய போர்ட் என்றும் நீதான் சொன்னாய். அப்போது நீ போனில் பேசுவாய்.

தற்செயலாக ஒன்று பார்த்தேன். தங்கச்சி என் போனில் கப்பல் பார்க்கிற ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஹார்பர் பீச்சில் உட்கார்ந்து எந்தக் கப்பல் எது என்று தெரிந்துகொள்வதற்காக. டக்குகளுக்கு அதில் இளநீல நிறம். ஓடுகிற கப்பல் என்றால் அம்புபோல முனையோடு இருக்கும், நின்றுவிட்டால் வட்டமாகிவிடும். ஒருநாள் கை பட்டு வளைகுடாப் பக்கம் போய்விட்டது. உன் டக் கண்ணில் பட்டது. வட்டமாக இருந்தது. கல்லறைத் திருநாளுக்கு முன்னாலிருந்தே வட்டமாகத்தான் இருக்கிறது. இந்த வாரம் வட்டத்தையும் காணோம். கப்பல் இருக்கிற இடத்தைச் சொல்கிற ஏ.ஐ.எஸ். கருவியில் ஏதாவது கோளாறாக இருக்கும். கரன்ட் இல்லாவிட்டாலும் அப்படி ஆகும். கோளாறாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. அவளுக்கு அம்பும் தெரியாது, வட்டமும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி என் போனை எடுத்து அவளே விரலால் தள்ளித் தள்ளி உம் அல் குவைன் பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் எழுதுவது உனக்கு அல்ல. உன்னோடு வேலை பார்க்கிற பையன்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். பேப்பரில் வந்தது: 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேரை ஓனர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், அதான் ஐ.டி.எஃப்., சொன்ன கணக்கு. அதில் நம் இந்தியப் பையன்கள் 899 பேர். வேறு எந்த நாட்டிலிருந்தும் அத்தனை பேர் இல்லை. அப்படி விட்ட கப்பல் எண்ணிக்கையில் முதலிடம் நீ இருக்கிற அமீரகத்துக்கு. ஆகவே யாருக்காவது அப்படி ஆனால் அது அவன் கெட்டிக்காரத்தனம் போதாமல் ஆனது இல்லை. இதை அந்தப் பையனிடம் கட்டாயம் சொல்.

இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே கைவிடப்பட்டவன் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. கடல் தொழிலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாட்டுக் கொடி என்றால், 2017 ஜனவரியிலிருந்து அதற்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். நாலு மாதச் சம்பளம் வரைக்கும், சாப்பாடு, தண்ணீர், வீட்டுக்கு வருகிற டிக்கெட், எல்லாம் அந்த இன்ஷூரன்ஸ்காரன் தலையில். அந்தச் சான்றிதழை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மெஸ்ஸில் பார்க்கச் சொல், வீல்ஹவுஸில் பார்க்கச் சொல். போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல். வீடு என்றால் அந்தப் பையனுடைய வீட்டுக்கு.

எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. "பாக்கி எல்லாம் தீர்ந்தது" என்று ஒரு தாளை நீட்டி, இதில் போடு, டிக்கெட் தருகிறேன் என்பார்கள். போடக்கூடாது. என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பு, போடாதே. அனுப்பச் சொல்.

நம் பங்கு சாமியாரிடமும் பேசினேன். ஸ்டெல்லா மாரிஸ் என்று கடலோடிகளுக்காகவே திருச்சபையில் ஆட்கள் இருக்கிறார்கள், பல போர்ட்டுகளில். சாமியார், யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். தெரிந்த பையன் ஒருவனுக்காக என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் விவரம் எழுதிக்கொண்டார். போகும்போது, தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். நல்ல மனுஷர்.

உன் ஏஜென்ட் ஆபீஸ் பக்கமும் ஒரு வேலையாகப் போனேன். அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை என்று நினைப்பாய். போர்டு இல்லை. அந்த மாடியில் இப்போது டைலர் கடை. ஏஜென்டுக்கு ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கோ, மும்பை டி.ஜி. ஷிப்பிங் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கோ என்று அன்றைக்கே தலைதலையாக அடித்துக்கொண்டேன். "எல்லாம் இருக்குப்பா, நீங்க அந்தக் காலத்து ஆளு" என்றாய். சரி, அந்தக் காலத்து ஆள்தான். அந்தக் காலத்தில் ஏமாற்றினவன் தெருவில் எதிரே வருவான், சட்டையைப் பிடிக்கலாம். இவனுடைய போன் நம்பரே வேறு யாரிடமோ போயிருக்கிறது. ஒரு சின்னப்பிள்ளை எடுத்து, டாடி குளிக்கிறார் என்றது. வைத்துவிட்டேன்.

திட்ட வேண்டும் என்று எழுதவில்லை. மெர்ச்சன்ட் நேவி யூனிஃபார்ம் போட்டு நீ நிற்கிற போட்டோ முன்னறையில் அப்படியே இருக்கிறது. 2023 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டினதே, நம் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் வந்ததே, அன்றைக்கு அம்மா முதலில் எடுத்து மச்சில் வைத்தது பத்திரமும் இல்லை, அரிசியும் இல்லை, அந்தப் போட்டோதான். லைட்டர் தோணியில் மூட்டை சுமந்தவருடைய பேரன் அவன் என்று நான் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய ஹார்பரில் ஆழம் கிடையாது, கப்பல் எங்கேயோ வெளியில் நிற்கும், கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும். 1974-ல் புது போர்ட் வந்தபோது அவருக்குச் சந்தோஷம் ஒருபக்கம், பிழைப்புப் போன துக்கம் ஒருபக்கம். சொல்லிக்கொண்டே போகலாம். இப்போது எதற்கு.

அந்த வளையல் விஷயம் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வட்டியை நான் பென்ஷனில் கட்டிவிடுகிறேன். செப்டம்பரிலிருந்து பணம் வரவில்லை என்பதற்காக நான் இதை எழுதவில்லை. அது எனக்கு ஞாபகமே இல்லை.

கடன் என்றால் இந்த ஊருக்குப் புதுசா என்ன. 1906-ல் வெள்ளைக்காரனுக்கு எதிராக சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினவர் வ.உ.சி. 1936-ல் கண்ணை மூடும்போது மளிகைக்கடை, துணிக்கடை பாக்கியைக்கூட உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பெயரைத்தான் 2011-ல் போர்ட்டுக்கு வைத்தார்கள். கப்பலுக்கே சொந்தக்காரர் கடனோடு போன ஊரில், கப்பலில் வேலை பார்த்த பிள்ளை கடனோடு வீட்டுக்கு வந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நான் அந்தப் பையனைத்தான் சொல்கிறேன்.

அங்கே இந்த மாதங்களில் வடமேற்கிலிருந்து ஷமால் அடிக்கும். ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன் கரை முழுக்க அந்தக் காற்றுக்கு நேர் எதிரில் கிடக்கிறது. 2021 ஜனவரியில் ஐபா என்ற எண்ணெய்க் கப்பலுக்கு நங்கூரச் சங்கிலி அறுந்து, உம் அல் குவைன் பீச்சிலேயே போய் ஏறியது. உள்ளே 5 பேர், மூன்று வருஷத்துக்குக் கிட்டத்தட்ட சம்பளம் இல்லாமல் இருந்தவர்கள். கரை தட்டிய பிறகுதான் உலகம் அவர்களைப் பார்த்தது. ஆகவே காற்று ஏறுகிறது என்றால் சங்கிலியை இன்னும் நீளமாக விடுங்கள். டீசலைக் கடைசிச் சொட்டு வரை லைட்டுக்கும் ஃபேனுக்கும் எரித்துவிடாதீர்கள், மெயின் எஞ்சினை ஒருமுறையாவது ஸ்டார்ட் பண்ணுகிற அளவுக்கு ஒதுக்கி வையுங்கள். பார்ஜைப் பக்கத்தில் கட்டியிருக்கிறீர்களா, பின்னால் விட்டிருக்கிறீர்களா? பக்கத்தில் என்றால் ராத்திரி அது இடித்து இடித்தே டக்கின் தகட்டைப் பிளந்துவிடும். ஃபெண்டர் டயர் எத்தனை பாக்கி இருக்கிறது? எஞ்சின் ரூம் கதவைச் சாத்தியே வையுங்கள், வெக்கையாக இருந்தாலும். நல்ல தண்ணீரில் குளிக்காதீர்கள், குடிக்க மட்டும். தண்ணீர் கலங்கலாக வந்தால் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தாலும் செய்.

மணப்பாட்டுக்காரர்கள் ஜனவரி முதல் வாரம் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன் வரட்டும், அதுவரைக்கும் வேண்டாம் என்று தங்கச்சி பிடிவாதமாக இருக்கிறாள். நாங்கள் தேதியைத் தள்ளவில்லை. தள்ளச் சொன்னால் தள்ளுகிறோம். டிக்கெட் பணம் இங்கே இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, யாரிடமும் கை நீட்டவில்லை, அது போதும்.

நீ பெரிய பதில் ஒன்றும் எழுத வேண்டாம். என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, எப்போது ஆயிற்று, எதுவும் எனக்கு வேண்டாம். குடிதண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே ஒரு எண் அனுப்பு. லிட்டரில் சொன்னாலும் சரி, டன்னில் சொன்னாலும் சரி. கட்டைவிரல் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு. சி.டி.சி.யும் பாஸ்போர்ட்டும் கேப்டன் பெட்டியில்தான் இருக்கும், தெரியும். கரையிலிருந்து ஓனர் ஆள் யாராவது போட்டில் வந்து கேட்டால், மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நீ போவதற்கு முன்னால் எடுத்து வைத்த நகல் அம்மாவின் பைபிளுக்குள் இருந்தது. தங்கச்சி அதைப் போட்டோ எடுத்திருக்கிறாள், இதோடு அனுப்புகிறேன். நெட் கிடைக்கும்போது முதலில் அதை இறக்கிக்கொள், கடிதத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.